ஃப்ளோரன்ஸ், வெனிஸ், ஃப்ளாண்டர்ஸ்: ஒரே காலம், ஒரே கதைகள், ஏன் இத்தனை வேறு கை?

#1 வழிப்போக்கன்

வணக்கம் நண்பர்களே. போன மாதம் இத்தாலி போய்வந்தேன். ஃப்ளோரன்ஸில் ஐந்து நாள், வெனிஸில் நான்கு நாள். வந்து இறங்கியதிலிருந்து ஒரே கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது.

ஃப்ளோரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் போட்டிசெல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ முன்னால் வெகுநேரம் நின்றேன். 1480களில் வரைந்தது. அந்தப் பெண்ணின் உடலைச் சுற்றி ஒரு கோடு ஓடுகிறது. கழுத்தில் இறங்கி, தோளில் வளைந்து, இடுப்பு வழியாகக் கால்வரை அறுபடாமல் போகிறது. நிறத்தை எல்லாம் துடைத்துவிட்டாலும் அந்தப் படம் படமாகவே இருக்கும் என்று தோன்றியது.

நான்கு நாள் கழித்து வெனிஸில் சான் சக்கரியா தேவாலயத்துக்குப் போனேன். இடப்பக்கப் பீடத்தில் ஜொவான்னி பெல்லினியின் மாதா படம், 1505-ல் வரைந்தது. பெட்டியில் காசு போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். மாதாவின் கன்னம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி காசு போட்டேன். அப்போதும் பிடிபடவில்லை. இரண்டு படங்களுக்கும் நடுவே இருபது வருடம், ரயிலில் இரண்டு மணி நேரம்.

இது ஒரு பக்கம். உஃபிசியில் போட்டிசெல்லி படங்களைப் பார்த்துவிட்டு இன்னொரு மூன்று மடிப்புப் பீடப்படத்தின் முன் வந்தேன். ஹூகோ வான் டெர் கூஸ் என்ற ஃப்ளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) ஓவியர் வரைந்தது. போர்ட்டினாரி பீடப்படம் என்கிறார்கள். குழந்தை யேசு வெறுந்தரையில் கிடக்கிறார். வலது ஓரத்தில் மூன்று இடையர்கள். ஒருவன் வாயைப் பிளந்தபடி நிற்கிறான், பல்வரிசை சரியில்லை. முன்னால் மண்டியிட்டவனின் கைகளைப் பார்த்தேன். வெயிலிலும் குளிரிலும் காய்த்துப்போன கைகள். நம் ஊர் வயலில் பார்த்த கைகள் போலவே இருந்தன. அந்த ஊரில் பார்த்த வேறு எந்தப் படத்திலும் அப்படி ஒரு கையை நான் பார்க்கவில்லை.

ஒரே மதம், ஒரே கதைகள், கிட்டத்தட்ட ஒரே காலம். பிறகு கை மட்டும் ஏன் ஊருக்கு ஊர் இப்படி மாறுகிறது? கூட வந்த வழிகாட்டி, ‘ஃப்ளோரன்ஸ்காரர் அறிவால் வரைந்தார், வெனிஸ்காரர் உணர்ச்சியால் வரைந்தார்’ என்றார். எனக்கு அது போதவில்லை.

#2 கரிக்கோடு

நல்ல கேள்வி ஐயா. நான் ஓவிய ஆசிரியன், கோட்டுக் கட்சிக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃப்ளோரன்ஸ்காரர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள்: திசேஞ்ஞோ. கோட்டோவியம் என்றும் பொருள், திட்டம் என்றும் பொருள். அவர்களுக்கு இரண்டும் வேறு வேறில்லை. தூரிகை சுவரைத் தொடுவதற்கு முன்பே படம் காகிதத்தில் முடிந்திருக்க வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தட்டார் பட்டறைக்குப் போய் நிற்போம். ப்ரூனலெஸ்கி, கிபெர்ட்டி, வெரோக்கியோ மூவரும் பொன்வேலை பழகியவர்கள். கிர்லாந்தாயோவின் அப்பாவே தட்டார். உலோகத்தில் கீறிய கோட்டை அழிக்க முடியாது. அந்தக் கையோடு ஓவியத்துக்கு வந்தவர்கள் கோட்டைக் கும்பிட்டதில் வியப்பில்லை.

சான்டா மரியா நொவெல்லாவில் மசாச்சியோவின் ‘திரித்துவம்’ இருக்கிறது, 1427 வாக்கில் வரைந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சுண்ணப்பூச்சில் கீறிய கோடுகள் இன்னும் தெரியும். ஆணி அடித்து, அதிலிருந்து நூல் பிடித்து, வளைவு மாடத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே புள்ளிக்கு இழுத்திருக்கிறார். தட்டைச் சுவரில் குடைந்த அறை தெரிகிறது என்றால் அது நிறத்தால் வந்த மாயம் இல்லை, நூலால் வந்தது.

அப்புறம் அந்தப் பிரபலமான கதை. வெனிஸ் ஓவியர் டிஷியன் ரோமில் தங்கியிருந்தபோது ‘டனாயே’ படத்தை மைக்கலாஞ்சலோ போய்ப் பார்த்தார். நேரில் புகழ்ந்தார். வெளியே வந்ததும், நிறமும் பாணியும் பிடித்திருக்கின்றன, ஆனால் வெனிஸில் ஆரம்பத்திலேயே ஒழுங்காக வரையக் கற்றுக்கொடுப்பதில்லையே என்று வருந்தினாராம். வசாரி எழுதியிருக்கிறார்.

#3 காயல்வீடு

கரிக்கோடு ஐயா, வசாரியைச் சாட்சிக்கு அழைத்தால் அவர் யார் வீட்டுச் சம்பளக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃப்ளோரன்ஸில் மெடிச்சி பிரபுவிடம் வேலை பார்த்தவர். ஓவியர் வரலாற்றை 1550-ல் எழுதி, 1568-ல் விரித்து எழுதினார். அதில் கலை என்பது ஃப்ளோரன்ஸில் பிறந்து, வளர்ந்து, மைக்கலாஞ்சலோவிடம் முடிகிறது. இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் சொன்ன அதே ‘திரித்துவம்’ முன்னால் 1570 வாக்கில் புதுப் பீடத்தை நிறுத்தி மறைத்தவரும் இதே வசாரிதான். 1860 வரை அது கண்ணில் படாமல் கிடந்தது.

நான் வெனிஸ் பக்கத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். எங்கள் வீட்டுக் கீழ்ச்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது. பூச்சு பொரிந்து, உப்பு பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்கிறது. வருடா வருடம் பூசுகிறோம், வருடா வருடம் உதிர்கிறது. வெனிஸ் ஓவியர்கள் ஏன் சுவரை விட்டார்கள் என்பதை அந்தச் சுவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஊர்த் தலைவர் அரண்மனையின் பெரிய சபை மண்டபத்தில் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜென்டிலே டா ஃபாப்ரியானோவும் பிசானெல்லோவும் சுவரோவியம் வரைந்தார்கள். அந்தக் காலத்தின் மிகப் பெரிய கைகள். 1474-லேயே அவை கெட்டுப்போய், அவற்றுக்குப் பதிலாகத் துணியில் வரையச் சொல்லி ஜென்டிலே பெல்லினியை நியமித்தார்கள். ஓர் ஆயுள்காலம்கூடத் தாங்கவில்லை. 1508-ல் ஜெர்மன் வணிகர் மாளிகையின் வெளிச்சுவரில் ஜோர்ஜோனேயும் இளம் டிஷியனும் வரைந்தார்கள். இன்று எஞ்சியிருப்பது சில துண்டுகள். ஜோர்ஜோனே வரைந்த நிர்வாணப் பெண் அக்கதேமியா அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். சிவந்த நிழல் ஒன்று சுவரிலிருந்து எழுந்து நிற்பது போலத்தான் தெரிகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும்.

துணிக்கு மட்டும் வெனிஸில் பஞ்சமே இல்லை. கப்பல் கட்டும் ஊர், பாய்மரச் சணல் துணி எங்கும் கிடைக்கும்.

#4 சுண்ணாம்புக்கை

காயல்வீடு சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்பவன். ஓவியம் தெரியாது, சுவர் தெரியும்.

ஃப்ரெஸ்கோ என்றால் ஈரப்பூச்சில் வரைவது. நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து மெல்லப் பூசி, அது காய்வதற்குள் வெறும் தண்ணீரில் குழைத்த நிறத்தை வைப்பார்கள். பசையோ எண்ணெயோ கிடையாது. பூச்சு காய்கிறபோது சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. அந்தக் கல்லுக்குள் நிறம் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் அறுநூறு வருடம் நிற்கிறது.

இதில் ஓவியனுக்கு என்ன கட்டாயம் என்று பாருங்கள். ஒரு நாளில் வரையக்கூடிய அளவுக்குத்தான் பூச முடியும். இத்தாலியில் அதற்கு ஜொர்னாத்தா என்று பெயர், ஒரு நாள் வேலை. மாலையில் மிச்சப் பூச்சைக் கரண்டியால் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, மறுநாள் அந்த விளிம்போடு புதுப்பூச்சை ஒட்ட வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி அந்த ஒட்டு விளிம்பு நூல் போலத் தெரியும். நல்ல கொத்தன் விளிம்பை எங்கே வைப்பான்? உருவத்தின் ஓரத்தில்தான் வைப்பான். ஒட்டு அங்கே மறைந்துவிடும். ஆகவே உருவத்தின் ஓரம் எங்கே என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தால் வெளுத்த வேறு நிறம். தப்பு நேர்ந்தால் துடைக்க முடியாது, கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசத்தான் வேண்டும்.

இப்படி வேலை செய்கிறவனுக்குக் கன்னம் எங்கே முடிகிறது என்று நாள் முழுக்க யோசிக்க நேரம் ஏது? கோடுதான் அவனுக்குப் பாதுகாப்பு. ஆசிரியர் ஐயா சொன்ன தட்டார் பட்டறையோடு கொத்தன் கரண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவசரம் பிடிக்காத ஒருவர் ஃப்ளோரன்ஸ் பட்டறையிலிருந்தே வந்தார், லியொனார்டோ. மிலானில் ‘கடைசி இராவுணவு’ படத்தை 1495-க்கும் 1498-க்கும் இடையில் காய்ந்த சுவரில் மெதுவாக வரைந்தார். மாற்றி மாற்றி, நின்று யோசித்து வரைந்தார். அவர் உயிரோடு இருந்தபோதே உதிரத் தொடங்கிவிட்டது. சுண்ணாம்பு யாருக்காகவும் காத்திருக்காது.

#5 முதலாண்டு

வணக்கம். நான் கலைக் கல்லூரியில் முதலாண்டு. அக்கா அண்ணாக்கள் எல்லாரும் எழுதுவது மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். அப்போ எண்ணெய் வண்ணம் வந்ததுதான் வெனிஸின் மென்மைக்குக் காரணமா? எண்ணெய் வண்ணத்தை ஃப்ளாண்டர்ஸ் ஓவியர் வான் ஐக் கண்டுபிடித்தார் என்று படித்திருக்கிறேன்.

#6 கென்ட்_மழை

தம்பி, அந்தக் கண்டுபிடிப்புக் கதையைப் பரப்பினவரும் வசாரிதான். எண்ணெயில் நிறம் குழைக்கிறது வான் ஐக்குக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. வான் ஐக் செய்தது வேறு. அந்த எண்ணெயை வைத்து என்ன செய்யலாம் என்று காட்டினார்.

நான் பெல்ஜியத்தில் கென்டில் கனகாலமாக இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் குளிர்காலத்தில், வெளியே மழை, போக இடமில்லை, சென் பாவோ பேராலயத்துக்குள் ஒதுங்கினேன். அங்கேதான் வான் ஐக் சகோதரர்களின் பீடப்படம், 1432. அன்றைக்கு அது என்ன என்றே எனக்குத் தெரியாது. கீழ்த்தட்டில் ஒரு புல்வெளி இருக்கிறது. ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் போல இருந்தது.

எப்படிச் செய்தார்கள் என்று பிறகு வடிவாகத் தேடிப் படித்தேன். பால்டிக் கடற்கரைக் காட்டிலிருந்து கப்பலில் வந்த ஓக் பலகை. அதன்மேல் சீமைச்சுண்ணமும் பசையும் கலந்து பூசி, தந்தம் போல வழுவழுப்பாகத் தேய்ப்பார்கள். இத்தாலியில் பாப்லர் பலகையும் ஜிப்சமும். அந்த வெள்ளைக்கு மேலே ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறத்தைக் கண்ணாடி போல மெல்லியதாக ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. வெளிச்சம் நிறத்துக்குள் இறங்கி, அடியிலிருக்கும் வெள்ளையில் பட்டுத் திரும்பி வருகிறது. அதுதான் அந்தச் சிவப்புப் போர்வைகள் உள்ளிருந்து எரிவது போலத் தெரியக் காரணம்.

ஆனால் பாருங்கோ, இதே எண்ணெய்தான் வெனிஸிலும். ஃப்ளாண்டர்ஸ் படத்தில் எல்லாம் துல்லியம், ஒவ்வொரு மயிரும் தனி. வெனிஸ் படத்தில் எல்லாம் கரைகிறது. ஆகவே எண்ணெய் மட்டும் காரணமில்லை, தம்பி. வழவழப்பான பலகையில் மெல்லிய தூரிகை ஓடும். சொரசொரப்பான சணல் துணியில் அது நூலில் தட்டித் தட்டி நிற்கும், நிறம் உடையும். அந்த உடைசலை டிஷியன் அழகாக்கினார்.

லண்டனில் இருக்கிற ‘அர்னொல்ஃபினி’ படம் (1434) சின்னது, உயரம் 82 சென்டிமீட்டர்தான். பின்சுவர்க் கண்ணாடிக்குள் அறை முழுக்கத் தெரிகிறது. ஆனால் நிலப்பலகைகளின் கோடும் கூரைக் கோடும் ஒரே புள்ளியில் சேராது. மசாச்சியோ நூல் பிடித்து ஏழு வருடம் கழித்து வரைந்த படம் இது. கணக்கு இல்லாமலேயே நீங்கள் அந்த அறைக்குள் நிற்கிறீர்கள். ஆசிரியர் ஐயா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#7 கரிக்கோடு

கென்ட்_மழை அம்மா, அந்தப் படத்துக்கு நானும் தலைவணங்குகிறேன். கண் இருந்தால் கணக்கு இல்லாமலும் அறை கட்டலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் பேச்சு போகும் திசையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. எல்லாம் சுவர், துணி, எண்ணெய், உப்புக்காற்று என்று சொல்லிக்கொண்டே போனால் சியன்னாவை என்ன செய்வீர்கள்?

ஃப்ளோரன்ஸிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அதே சுண்ணாம்பு, அதே பாப்லர் பலகை, நிறம் குழைக்க அதே முட்டை மஞ்சள் கரு. கடலும் இல்லை, காயலும் இல்லை. ஆனால் மசாச்சியோ சுவரில் ஆணி அடித்து இருபது வருடம் ஆன பிறகும் சியன்னாவில் சஸ்ஸெட்டாவும் ஜொவான்னி தி பாவோலோவும் தங்கத்தகட்டுப் பின்னணியை விடவில்லை. மலைகள் சர்க்கரைக் கட்டி போல நிற்கும். தேவதைகளுக்கு எடையே கிடையாது. தெரியாமலா செய்தார்கள்? பக்கத்து ஊரில் நடப்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வேண்டாம் என்று விட்டார்கள்.

சியன்னா மாதாவுக்கு ஒப்புக்கொடுத்த ஊர். 1311-ல் தூச்சோ வரைந்த ‘மாயெஸ்தா’ படத்தைப் பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு ஊரே ஊர்வலமாக எடுத்துப்போனது. அந்தத் தங்கம் அவர்களுக்குப் பழைய பாணி இல்லை, ஊரின் அடையாளம். எதிரி ஊர்க்காரனைப் போல வரைவது அவர்களுக்குத் தோல்வி. கடைசியில் 1555-ல் ஃப்ளோரன்ஸ் படை ஊரைப் பிடித்தது. சஸ்ஸெட்டாவின் பொன்னிறத் துறவிகளை நான் பார்க்கும்போது அந்தப் பிடிவாதத்தைத்தான் பார்க்கிறேன், எனக்கு அது பெரும் மரியாதைக்குரியது. சுவரும் பலகையும் எதைச் செய்ய முடியும் என்று சொல்லும். எதைச் செய்ய வேண்டும் என்று ஊர்தான் சொல்லும்.

#8 மருந்துப்பெட்டி

நான் மருந்தாளுநர். ஆசிரியர் ஐயா ‘ஊர் சொல்லும்’ என்றார். பணம் கொடுத்தவரும் சொல்வார், அதுவும் எழுத்தில் சொல்வார்.

ஃப்ளோரன்ஸில் ஓவியர்களுக்கென்று தனிச் சங்கம் கிடையாது. மருத்துவர், மருந்துக்கடைக்காரர் சங்கத்தில்தான் அவர்களும் உறுப்பினர். ஏனென்றால் நிறங்கள் மருந்துக்கடையில் விற்றன. மிளகு, கிராம்பு, துருசு, பாதரசம் எல்லாம் இருந்த அதே கடையில் செந்தூரமும் ஈய வெள்ளையும் வாங்கலாம். வெனிஸில் மட்டும் வேறு. அங்கே நிறம் விற்பதே ஒரு தனித்தொழிலாக 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தது. கிழக்கிலிருந்து வரும் சரக்கு முதலில் இறங்கும் துறைமுகம் அது. மனோசிலை, அரிதாரம் போன்ற கடும் ஆரஞ்சும் மஞ்சளும் வெனிஸ் படங்களில் தாராளமாக வருவதற்கு இந்தக் கடைகளும் ஒரு காரணம்.

நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நீலம் ஆப்கானிஸ்தானின் படாக்‌ஷான் மலையிலிருந்து வரும் லாபிஸ் கல். கல்லை அரைத்து, மெழுகும் பிசினும் கலந்த உருண்டையில் பிசைந்து, சாம்பல் நீரில் கசக்கிக் கசக்கி எடுக்க வேண்டும். முதல் கசக்கலில் வருவது ஆழ்நீலம். கடைசியில் வருவது சாம்பல். 1485 அக்டோபரில் ஃப்ளோரன்ஸ் அனாதை இல்லத்துப் பீடப்படத்துக்காகக் கிர்லாந்தாயோ கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. நீலம் ஒரு அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின் (ஃப்ளோரன்ஸின் பொற்காசு) பெறுமானமுள்ள லாபிஸ் நீலமாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. முழுப்படத்துக்கும் கூலி 115 ஃப்ளோரின். மாதாவின் மேலாடையில் தெரியும் நீலம் பக்தி மட்டும் இல்லை, கணக்கும்தான்.

சுண்ணாம்புக்கை அண்ணனுக்கு ஒன்று: அந்த நீலம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது என்பதால் சுவர் காய்ந்த பிறகு பசையோடு வைப்பார்கள் அல்லவா?

#9 சுண்ணாம்புக்கை

ஆமாம். அதனால்தான் பழைய சுவரோவியங்களில் முதலில் உதிர்வது வானமும் மாதாவின் ஆடையும். மேலே ஒட்டியது மட்டும்தானே, கல்லுக்குள் போகவில்லை. சிவப்பும் மண்மஞ்சளும் நிற்கும் இடத்தில் நீலம் வெறும் கறையாகக் கிடக்கும்.

#10 காயல்வீடு

சியன்னா விஷயத்தில் ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வெனிஸ் கையைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட முடியாது.

அக்கதேமியாவில் ஜோர்ஜோனேயின் ‘புயல்’ இருக்கிறது. இடப்பக்கம் கோலோடு ஓர் இளைஞன், வலப்பக்கம் குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண், மேலே மின்னல். 1939-ல் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளைஞன் நிற்கும் இடத்துக்கு அடியில், காலைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருக்கும் வேறொரு பெண் தெரிந்தாள். அதாவது துணியின் மேலேயே மனசை மாற்றியிருக்கிறார். ஃப்ளோரன்ஸில் காகிதத்தில் நடப்பது வெனிஸில் படத்துக்குள்ளேயே நடக்கிறது. மைக்கலாஞ்சலோ ‘வரையத் தெரியவில்லை’ என்று நினைத்த இடத்தில் அவர்கள் நிறத்தாலேயே வரைந்துகொண்டிருந்தார்கள்.

டிஷியன் முதுமையில் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாதக்கணக்கில் வைத்துவிட்டு, பிறகு எதிரியைப் பார்ப்பது போல மறுபடி எடுத்துப் பார்ப்பாராம், முடிக்கும்போது தூரிகையைவிட விரலால்தான் அதிகம் தொடுவாராம். அவருடைய கடைசிக் காலத்தை அறிந்த இளைய ஓவியர் பால்மா சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 1576 கொள்ளைநோய்க் காலத்தில் இறந்தபோது முடியாமல் இருந்த ‘பியத்தா’ படத்தை முடித்தவரும் அதே பால்மாதான். நேரமாகும் வேலை, மனசை மாற்ற இடம் கொடுக்கும் வேலை. ஈரச்சுவர் இதை அனுமதிக்குமா?

அப்புறம், ஊர்ப்பாணியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று முயன்ற ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூரம்பெர்க்கின் டியூரர். தட்டார் மகன், அச்சுக்கோட்டில் மன்னன். 1505 முதல் 1507 வரை வெனிஸில் இருந்தபோது ஊருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. கோடு போடத்தான் தெரியும், நிறத்தைக் கையாளத் தெரியாது என்று இங்குள்ள ஓவியர்கள் அவரைப் பற்றிப் பேசினார்கள். ஜெர்மன் வணிகர்களின் கோயிலுக்காக 1506-ல் ‘ரோஜா மாலைத் திருவிழா’வை வரைந்து முடித்ததும், அவர்கள் வாயை எல்லாம் அடைத்துவிட்டேன் என்று எழுதினார். ஜொவான்னி பெல்லினி மிகவும் வயதானவர், ஆனாலும் இன்னும் அவர்தான் முதல்வர் என்றும் எழுதினார். ஊருக்குத் திரும்பும் முன், இந்த வெயிலை நினைத்து எப்படி நடுங்கப்போகிறேனோ என்று ஏங்கியிருக்கிறார். அந்தப் படம் இப்போது ப்ராகில் இருக்கிறது, மிகவும் சேதப்பட்டுவிட்டது. மிச்சமிருக்கும் இடங்களில் வெனிஸ் நிறமும் ஜெர்மன் கோடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று மற்றதில் கரையவில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

#11 முதலாண்டு

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. நன்றி. வழிப்போக்கன் அண்ணா முதலில் சொன்ன அந்த இடையர் படத்துக்கு யாரும் திரும்பவே இல்லையே? ஃப்ளாண்டர்ஸ் படம் ஃப்ளோரன்ஸுக்கு எப்படி வந்தது?

#12 கென்ட்_மழை

தம்பி கேட்டது நல்லதாப் போச்சு. நான் எழுத வேண்டும் என்று வைத்திருந்ததே அதுதான்.

மெடிச்சி வங்கிக்கு ப்ரூஜில் ஒரு கிளை இருந்தது. அதன் மேலாளர் டொம்மாசோ போர்ட்டினாரி. அவருக்கு முன் அந்த வேலையில் இருந்த ஆஞ்சலோ தானி என்பவர் ஹான்ஸ் மெம்லிங்கிடம் ஒரு ‘கடைசித் தீர்ப்பு’ படம் செய்வித்தார். 1473-ல் அது இத்தாலிக்குப் போகும் வழியில் டான்சிக் ஊர்க் கடலோடி ஒருவன் கப்பலோடு பிடித்துக்கொண்டு போய்விட்டான். இன்றைக்கும் அது போலந்தின் க்டான்ஸ்கில்தான் இருக்கிறது. மிக்கேல் சம்மனசின் தராசுத் தட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளின் முகம் போர்ட்டினாரியின் முகம்.

போர்ட்டினாரி பிறகு கென்டின் ஹூகோ வான் டெர் கூஸிடம் தன் படத்தைக் கொடுத்தார். விரித்தால் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் அகலம். ஹூகோ இடையில் துறவு மடத்தில் சேர்ந்தார். மனம் மிகவும் கலங்கிப்போனது. தன் படங்கள் எதுவும் முடியப்போவதில்லை என்ற பயம் அவரைப் பிடித்திருந்ததாக அந்த மடத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1482-ல் இறந்துவிட்டார். படம் 1483 மே மாதம் கடல்வழியாகப் பீசாவுக்கும், அங்கிருந்து அர்னோ ஆற்றில் படகிலும் ஃப்ளோரன்ஸ் வந்தது. நகர வாசலிலிருந்து பதினாறு சுமைகாரர்கள் சுமந்துபோனார்கள். ஃப்ளோரன்ஸ் ஓவியர்கள் அதன் முன் நின்றபோது வரைந்தவர் உயிரோடு இல்லை.

இரண்டே வருடத்தில் பதில் வந்தது. போர்ட்டினாரிக்கு மேலே, மெடிச்சி வங்கி முழுக்கவும் நிர்வகித்த சஸ்ஸெட்டி என்பவர் சான்டா திரினிதா தேவாலயத்தில் தன் சிற்றாலயத்துக்குக் கிர்லாந்தாயோவை வைத்து வரைவித்தார். 1485. அங்கே வலப்பக்கத்தில் மூன்று இடையர்கள், சவரம் செய்யாத முகங்களோடு, நேராக ஹூகோவிடமிருந்து வந்து நிற்கிறார்கள். குழந்தையைச் சுட்டிக்காட்டுகிறவர் கிர்லாந்தாயோவேதான் என்பார்கள். ஆனால் தீவனத்தொட்டி ரோமானியக் கல்பெட்டி. பின்னால் ரோமானிய வளைவு. நிறம் முட்டைக்கருவில் குழைத்தது. கோடு தெளிவு. ஹூகோவின் குழந்தை குளிர்ந்த தரையில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது. கிர்லாந்தாயோவின் குழந்தை நல்ல ஃப்ளோரன்ஸ் பிள்ளை, கொழுகொழுவென்று விரலை வாயில் வைத்திருக்கிறது. முகத்தை வாங்கிக்கொண்டார், குளிரை வாங்கவில்லை.

#13 வழிப்போக்கன்

கென்ட்_மழை அக்கா, சான்டா திரினிதா வாசலை இரண்டு முறை கடந்துபோனேன், உள்ளே போகவில்லை. இப்போது தூக்கம் வராது போலிருக்கிறது.

வழிகாட்டி சொன்னது ஏன் போதவில்லை என்று இப்போது புரிகிறது. நான் பார்த்த கோட்டுக்குப் பின்னால் கரண்டியும் தட்டார் உளியும் இருந்திருக்கின்றன. பிடிபடாத கன்னத்துக்குப் பின்னால் உப்புச்சுவரும் பாய்மரத் துணியும். சியன்னாவைப் பற்றி ஆசிரியர் சொன்னதைத்தான் இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை அந்த பஸ்ஸைப் பிடிப்பேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஹூகோவின் படத்தில் எல்லாருக்கும் முன்னால், தரையில் ஒரு ஜாடியும் ஒரு கண்ணாடிக் குவளையும் பூக்களோடு இருக்கின்றன. அவ்வளவு பெரிய படத்தில் அவ்வளவு முக்கியமான இடத்தில் ஏன்? போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குவளையின் நிழல் விழும் இடத்தில், கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் சின்னத் திட்டாகத் தெரிகிறது.

#14 மருந்துப்பெட்டி

அந்த ஜாடியைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அதன் பெயர் அல்பரெல்லோ. மருந்துக்கடை ஜாடி. லேகியம், களிம்பு, உலர்ந்த மூலிகை வைப்பது. இடை சற்று ஒடுங்கியிருப்பதைப் பாருங்கள், அலமாரியில் நெருக்கி அடுக்கியிருந்தாலும் கை நுழைத்து எடுக்கலாம். விளிம்பு வெளியே மடிந்திருப்பது தோலோ துணியோ போட்டுக் கயிறு கட்ட. இந்த ஜாடி ஸ்பெயின் பக்கத்து மினுங்கல் மண்பாண்ட வகை. அதில் ஆரஞ்சு லில்லியும் வெள்ளை, ஊதா ஐரிஸும். குவளையில் கொலம்பைனும் கார்னேஷனும்.

அந்தப் படம் வைக்கப்பட்டது சான்ட் எஜிதியோ தேவாலயத்தில். அது சான்டா மரியா நுவோவா மருத்துவமனையின் கோயில். 1288-ல் அந்த மருத்துவமனையை நிறுவியவர் ஃபோல்கோ போர்ட்டினாரி, டொம்மாசோவின் முன்னோர். நோயாளிகளுக்காகப் பூசை நடந்த இடம். இன்றும் அது ஃப்ளோரன்ஸ் நகரின் நடுவில் மருத்துவமனையாகவே நடக்கிறது.

ஆகவே அந்தப் பீடத்தின் முன் மண்டியிட்டவர்களில் பலர் காலையில்தான் அதே மாதிரி ஜாடியிலிருந்து மருந்து எடுத்தவர்களாகவோ, கொடுத்தவர்களாகவோ இருந்திருப்பார்கள். கண்மட்டத்தில், கைக்கெட்டும் தூரத்தில், அவர்கள் தினமும் பார்த்த ஜாடி.